பெண் கேட்டு வரும் முன்

மகன்,

போனில் கதைத்தால் பாதியிலேயே "சரி அப்பா, சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். ஆகையால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் நோ, எனக்கு அறுபத்தைந்து வயது, வேறு வருத்தம் ஒன்றும் இல்லை. உள்துறைமுக வீதியில் பட்டறை வழக்கம்போலத் திறந்திருக்கிறது. குச்சவெளியில் இருந்து வந்த ஒரு படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கதிரையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தாளில் எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

பதினொரு மாதத்துக்கு முன், அங்கே ஜெர்மனியில் நீ விரும்பின ஐலினைப் பற்றிச் சொன்னாய். பெயரைக் கேட்டு, வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம் என்றுதான் உன் அம்மா முதலில் நினைத்தாள். அயலுக்கும் அப்படியே சொல்லிவிட்டாள். பிறகுதான் துருக்கிக் குடும்பம், முஸ்லிம்கள், பாட்டன் காலத்தில் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தவர்கள் என்று நீ விளக்கினாய். ஐலினின் தகப்பன் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை தனியே வந்து கேட்டால் போதாது, அவனுடைய தாய் தகப்பன் வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். நான் என்ன சொன்னேன்? எங்கள் பகுதியில் பெண் வீட்டார்தான் வெற்றிலை பாக்கோடு வந்து மாப்பிள்ளை கேட்பது, அவர்கள் வரட்டும், நான் வாசலில் நின்று வரவேற்கிறேன் என்றேன். உன் மாமாமாரும் தலையாட்டினார்கள். அவர் அங்கே டூயிஸ்பேர்க்கில் தன் சோபாவில் எனக்காகக் காத்திருக்க, நான் இங்கே திருகோணமலையில் என் கதிரையில் அவருக்காகக் காத்திருக்க, பதினொரு மாதம் போய்விட்டது. இரண்டு பேரிடமும் முறை இருந்தது. நடுவில் நீங்கள் இரண்டு பிள்ளைகளும் காய்ந்துகொண்டிருந்தீர்கள்.

மதம்தான் காரணம், வழக்கம் என்பது சாட்டு என்று நீ நினைத்தாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "நீங்கள் போகாட்டி நான் தனியப் போவன். எனக்கும் பாஸ்போட் இருக்கு," என்று குசினியில் இருந்தே சத்தம் போட்டாள். மதமும் ஒரு காரணம்தான், பொய் சொல்லமாட்டேன். கோயிலடியில் சனம் என்ன கதைக்கும் என்று யோசித்தேன். ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணத்தை நான் இதுவரை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. போன மாதம் நீ போனில் சொன்ன ஒன்றினால்தான் இப்போது எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன் வீடு தேடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இந்தச் சிரியாக்காரர் வந்த பிறகு வீட்டுக்காரர் எங்களையும் ஒரு மாதிரித்தான் பாக்கினம் அப்பா. நாங்கள் அவையளைப் போல இல்லை எண்டு நான் முதலே சொல்லிப்போடுவன்," என்றாய். நான் போனைக் காதில் இருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து நீ "ஹலோ, ஹலோ" என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நான் ஜெர்மனியில் இருந்தது உனக்குத் தெரியும். நாலு வருடம் கோப்பை கழுவினேன், இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது, சண்டை முடிந்தது என்று நம்பித் திரும்பி வந்தேன், ஏமாந்தேன். இவ்வளவுதான் உனக்குச் சொன்னது. மிச்சத்தை இப்போது கேள். எண்பத்து மூன்று கலவரம் முடிந்த கையோடு, மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் போய் இறங்கி, ஒரு ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்து அகதி என்று பதிந்தவர்களில் நானும் ஒருவன். என்னை டூயிஸ்பேர்க்குக்கு அனுப்பினார்கள். அகதி முகாமில் ஒரு அறையில் ஆறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனாலும் ஒரு உணவகத்தின் பின்பக்கக் குசினியில் களவாகக் கோப்பை கழுவினேன். அங்கே சனி, ஞாயிறுகளில் சட்டி தேய்க்க வந்த மனிதர்தான் ஹசன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உருக்காலையில் பதினெட்டு வருடம் வேலை செய்து, ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டவர்.

துருக்கியர் ஜெர்மனிக்கு வந்த கதையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, சட்டி தேய்க்கும் சத்தத்துக்கு நடுவில் ஹசனிடம் கேட்டேன். அறுபதுகளில் ஜெர்மனிக்கு ஆள் வேண்டியிருந்தது. சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் ஆட்களைத் தேடி அவர்களே இஸ்தான்புல்லில் அலுவலகம் திறந்தார்கள். ஹசனின் ஊர் கருங்கடல் பக்கம், நிலக்கரி தோண்டும் ஊர். அவரையும் இன்னும் இருபது பேரையும் உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தி, பல்லைப் பார்த்து, இருமச் சொல்லி, கையில் இலக்கம் எழுதினார்களாம். "எங்கட ஊரில மாடு வாங்கினாலும் இப்பிடித்தான் பாப்பம். ஆனால் மாட்டுக்கு வெக்கம் இல்லை," என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு மூன்று நாள் ரயில். ஆலைக்குப் பக்கத்தில் தட்டுக் கட்டில் போட்ட விடுதி. விருந்தாளித் தொழிலாளி என்று அவர்களுக்குப் பெயர். விருந்தாளிக்குச் சட்டி தேய்க்கக் கொடுக்கிற நாட்டை அப்போதுதான் நான் கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்புவது என்றுதான் அவரும் வந்தார், அவரை அழைத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவரும் மொழி படிக்கவில்லை, படிப்பிக்கவும் இல்லை, போகப்போகிற ஆளுக்கு எதற்கு என்று. பிறகு எழுபதுகளில், எண்ணெய் விலை ஏறிய நேரம், இனி ஆள் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். அதோடு காரியம் தலைகீழாகிவிட்டது. முன்பு ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தவன், இப்போது போனால் திரும்பி வர ஏலாது என்று பயந்து நின்றுவிட்டான். மனுசி பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டான். பிள்ளை வந்தால் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், இறைச்சிக் கடை, காய்கறிக் கடை எல்லாம் வரத்தானே வேண்டும். நாங்கள் தமிழ்ப் பொடியன்கள் அங்கே போனபோது, வெண்டிக்காயும் பச்சை மிளகாயும் ஆட்டிறைச்சியும் வாங்க முடிந்த ஒரே இடம் துருக்கிக் கடைதான். இன்றைக்கும் அங்கே நம்மவர்கள் பெரியபிள்ளையான பெண்களுக்குச் சாமத்தியவீடு செய்வது துருக்கியர் கட்டிய கலியாண மண்டபத்தில்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்கள் வெட்டின பாதையில்தான் நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தோம். அப்படி நடந்துகொண்டே அவர்களை இளக்காரமாகவும் பேசினோம். "துருக்கியன் மாதிரிக் கத்தாதே," என்று எங்கள் அறைக்குள்ளேயே சொல்வோம். ஜெர்மன்காரன் சொல்வதைக் கேட்டு, அவனோடு சேர்ந்து நிற்கிறோம் என்ற நினைப்பு.

எனக்கு ஜெர்மன் மொழியில் முதல் நூறு சொல் படிப்பித்தது ஹசன். என் குளிர்ச் சட்டை அவருடையது. எண்பத்து நாலு வசந்த காலத்தில், முகாமுக்கு வெளியே தங்க எனக்கு அனுமதி கிடைத்தது. அதே நேரம் அவர் இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று அவருக்கும் கடிதம் வந்திருந்தது. மனைவி, மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாலு வயது, துருக்கி மொழியைவிட ஜெர்மன் மொழிதான் அவளுக்கு நன்றாக வரும். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதி காலியாக இருப்பதை ஹசன் கண்டுபிடித்தார். அதே வீட்டில் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறையும் இருந்தது. "நீ மேல, நான் கீழ. என்ர மனுசி உனக்கும் சேத்துச் சமைப்பாள்," என்றார். இரண்டு பேரும் குளித்து, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனோம்.

வீட்டுக்கார மனுசி கதவைத் திறந்தாள். எழுபது வயதிருக்கும், சுத்தமான ஏப்ரன். எங்களை மேலும் கீழும் பார்த்து, "துருக்கியரா?" என்று கேட்டாள். ஹசன் தொப்பியைக் கழற்றி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் இல்லை. நான் துருக்கியன் இல்லை. சிலோன்." ஹசன் எனக்குப் படிப்பித்த சொற்களால்தான் அதைச் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். அந்த மனுசியின் முகம் மலர்ந்தது. சிலோன் தேயிலை நல்லது என்றாள். மேல் அறை எனக்குக் கிடைத்தது. ஹசனிடம், கீழ்வீடு ஏற்கெனவே ஆருக்கோ கொடுத்தாயிற்று என்றாள். அந்த வீடு அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் படி ஏறினேன்.

திரும்பும் வழியில் ட்ராமில் ஹசன்தான் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அடுத்த சனிக்கிழமை என் அறைக்கு ஒரு மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கேற்றடியில் இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "வேண்டாம். நீயே தூக்கிக்கொண்டு போ. என்னைப் படியில கண்டால் அந்த மனுசி உன்னையும் வீட்டை விட்டு எழுப்பிப்போடும்," என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்குக் காரியம் கெட்டுவிடக்கூடாது என்ற யோசனை மட்டும்தான். ஏசியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன் மகன்.

அந்த வருடம் ஜெர்மன் அரசாங்கம், வேலை போன வெளிநாட்டுத் தொழிலாளர் ஊருக்குத் திரும்பினால் காசு தருவோம், குறித்த நாளுக்குள் குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்று அறிவித்திருந்தது. வீடு கிடைக்காத ஹசன் அதில் கையெழுத்து வைத்தார். பழைய வான் ஒன்றின் கூரையில் குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றிக் கட்ட நானும் கயிறு பிடித்தேன். மூத்த மகள் வானுக்குள் ஏறவில்லை. தன் பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு றோட்டோரத்தில் குந்தியிருந்தாள். தாய் வந்து தூக்கித்தான் ஏற்றினாள். திரும்பிப் போனவர்களைத் துருக்கியில் ஊர்ச்சனம் 'ஜெர்மன்காரர்' என்று கேலி செய்வதாக ஹசன் முன்பே சொல்லியிருந்தார். இங்கே துருக்கியன், அங்கே ஜெர்மன்காரன், நடுவில் பிள்ளைகள். பிறகு அவரிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நான் பதில் எழுதவில்லை.

அந்த வாசலில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும், அந்த மனுசி ஹசனுக்கு வீடு கொடுத்திருக்கமாட்டாள். இதை நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். உண்மையும் அதுதான். ஆனால் அவள் கதவைச் சாத்தியது அவள் வேலை. அவரைத் தனியே விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றது என் வேலை. தொண்ணூறுகளில் அங்கே துருக்கியர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று பேப்பரில் வாசித்தபோது, உன் அம்மா கேட்டாள், "என்ன, சாப்பிடாம இருக்கிறியள்?" வயிறு சரியில்லை என்றேன்.

இதில் நான் ஏதாவது படித்தேனா என்று கேட்டால், இல்லை. அதற்கு நீயே சாட்சி. சுனாமிக்கு அடுத்த கிழமை, கிண்ணியாவில் இருந்து றஹீம் வந்தது உனக்கு நினைவிருக்கும். எஞ்சின் திருத்த என்னிடம் வருகிற அதே றஹீம்தான். வீடு போய்விட்டது, மனைவி பிள்ளைகளோடு நம் பின்வளவு அறையில் ஒரு மாதம் இருக்கலாமா என்று கேட்டான். அயலவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து, "அது ஆருக்கோ குடுத்தாச்சு தம்பி," என்றேன். அவன் போன பிறகு, பதினொரு வயதுப் பொடியன் நீ, "அந்த அறை சும்மாதானே அப்பா கிடக்கு?" என்று கேட்டாய். அந்த ஜெர்மன் மனுசியின் சொல் எழுத்துப் பிசகாமல் என் வாயில் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து, பாதைப் படகில் ஏறிக் கழியைக் கடந்து போய் அவனைத் தேடினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சனத்தோடு சனமாகப் பாய் போட்டு இருந்தான். வா என்றேன். "இருக்கட்டும் அண்ணன். பிள்ளையள் இஞ்ச பழகிட்டுதுகள்," என்றான். இப்போதும் அவன் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகிறான். போன கிழமை உன் விசயம் கேள்விப்பட்டு, "பொம்பிளை கேட்டுப் போறதுக்கு உங்களுக்கு என்ன, காலிலயா வருத்தம்?" என்று பகிடி விட்டான். நான் சிரித்தேன். ஆனால் சரியாகச் சிரிக்க வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லாதவன் சொல்கிறேன், கேள். உன்னிடம் பட்டம் இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது, ரயிலில் மூன்று நாள் வந்தவன் இல்லை நீ. வீடு தேடிப் போகும் வாசலில் ஒரு ஆள் உன்னைப் பார்த்து, நீ இன்னாரா என்று முகம் சுளித்தால், இல்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். துடிக்காமல் இருக்கச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நில். வீடு கிடைக்காவிட்டால் இன்னொரு வீடு தேடலாம். உன் பிள்ளைகளின் முகத்தில் எங்கள் சாயலும் இருக்கும், ஹசனுடைய நாட்டுச் சாயலும் இருக்கும். நீங்கள் எங்கே இருந்து வந்தவர்கள், உண்மையாகவே எங்கே இருந்து என்று அங்கே பிறந்த அந்தப் பிள்ளைகளை ஆராவது கேட்பார்கள். அப்போது பக்கத்தில் நிற்கிறவன் ஓரடி தள்ளி நிற்கிறானா, கிட்ட வந்து நிற்கிறானா என்றுதான் அந்தப் பிள்ளை பார்க்கும். இன்னொன்று, ஐலினின் மொழியைப் படி. உப்புப் போட்ட கோப்பியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் மாப்பிள்ளை தேறிவிட்டான் என்பது அவர்கள் வீட்டு விளையாட்டாம், அவளே அம்மாவுக்குச் சொன்னாள். ஒரு கோப்பி குடித்தால் போதும் என்று இருந்துவிடாதே. அவள் அம்மாவோடு கதைக்க ஐம்பது தமிழ்ச் சொல் எழுதி வைத்திருக்கிறாள். நீ எத்தனை எழுதி வைத்திருக்கிறாய்?

அவளுடைய தகப்பன் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. ஐலின்தான் அம்மாவிடம் சொன்னாள். அவருடைய தகப்பன் ஜெர்மனிக்குப் போனபோது அவருக்கு இரண்டு வயது. ஒன்பது வயது வரை ஊரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். சுன்னத்துச் சடங்கன்று தகப்பன் இருக்க வேண்டிய கதிரையில் அந்தத் தகப்பனுடைய படத்தைச் சாத்தி வைத்தார்களாம். பிறகு ஜெர்மனிக்குக் கூப்பிட்டபோது, ரயில் ஸ்ரேசனில் நின்ற ஆட்களில் தன் தகப்பன் யார் என்று தெரியாமல், படத்தில் இருந்த மீசையைத் தேடினாராம். மீசையைத் தகப்பன் எப்போதோ எடுத்துவிட்டார். அப்படித் தேடின அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு, மாப்பிள்ளையின் தகப்பன் நேரில் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டவர். நான் அவருக்கு வெற்றிலைத் தட்டத்தின் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே நான் வருகிறேன். கொழும்புக்குப் போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டோம். உன் அம்மா அதற்கும் புதுச் சேலை உடுத்தாள். அங்கே வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, எங்கள் மகனுக்கு உங்கள் மகளைத் தாருங்கள் என்று கேட்பேன். ஆனால் அதற்கு முன் ஹசனைப் பற்றி அவருக்குச் சொல்வேன். அவர் ஹசன் இல்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்டு என் கணக்கைத் தீர்த்துக்கொள்ள ஏலாது என்று எனக்குத் தெரியும். அவர் தன் பிள்ளையை எங்கள் குடும்பத்துக்குத் தருவதற்கு முன், கேட்க வந்தவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்து தரட்டும். தெரிந்த பிறகு அவர் இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படி நடந்தால், பதினொரு மாதம் இழுத்தடித்தது போதாதென்று, உன் வாழ்க்கையை நான் இரண்டாம் முறை கெடுத்தவன் ஆவேன். பயமாகத்தான் இருக்கிறது, ஒளிக்கவில்லை. மறைத்துக் கேட்டுப் பெற்று, பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் கையால் சாப்பிட என்னால் ஏலாது.

அவரிடம் சொல்வதற்கு முன் ஐலினுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தை அவளை உட்கார வைத்து, நீயே வாசித்து, அவளுக்கு விளங்கும் மொழியில் சொல். சுருக்காதே. கிழவன் ஏதோ பழங்கதை எழுதியிருக்கிறார் என்று மழுப்பாதே. அந்த வீட்டு வாசலில் நான் சொன்னதைச் சொல். சிரியாக்காரரைப் பற்றி நீ சொன்னதையும் அதே இடத்தில் வைத்து வாசி. வாசித்து முடித்த பிறகு அவள் என்ன சொல்கிறாளோ, அதை அப்படியே எனக்கு எழுது. அந்தப் பதில் எனக்கு மட்டும் இல்லை மகன், உனக்கும்தான்.

அப்பா